காற்றாலைக்கு இடம் குறிக்கும்போது நம் சொல் எடுபடுமா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர்த் தொட்டி, பார்க்கிங் எல்லாம் பேசி முடித்த பிறகு காற்றாலை பற்றிப் பேச எனக்கு நேரம் கொடுத்திருக்கிறீர்கள். "ஃபிளாட்டில் இருக்கிற நமக்கும் காற்றாலைக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பாலசமுத்திரத்தில் குடியிருக்கும் நம்மில் பலருக்குச் சுற்றுவட்டாரத்தில் ஒன்றிரண்டு ஏக்கர் பூர்வீக நிலம் இருக்கிறது. தொப்பம்பட்டிப் பக்கம் இருக்கலாம், மடத்துக்குளம், தாராபுரம் பக்கம் இருக்கலாம். அப்பாவோ அண்ணனோ பார்த்துக்கொள்கிறார். காற்றாலைக்கு இடம் தேடும் தரகர் முதலில் வந்து நிற்பது அவர்கள் வாசலில்தான். அவர்கள் போன் போட்டு, "என்னப்பா செய்யலாம்?" என்று கேட்பது நம்மிடம். நாம் அந்த போனில் சொல்லும் பதிலில்தான் பல ஊர்களின் முடிவு அடங்கியிருக்கிறது. அதனால் சம்பந்தம் நிச்சயம் உண்டு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் காற்றாலைக்கு எதிராகப் பேச வரவில்லை. தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கும் மேல் காற்றாலைகள் நிற்கின்றன. மே முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் வரை வீசுகிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம் ஆகிய மூன்று கணவாய்களையும் சேர்த்தால் இதுதான் நம் மாநிலத்தின் காற்று வளம். தூத்துக்குடி முள்ளக்காட்டில் 1986-ல் தொடங்கிய கதை இது. புகை இல்லை, சாம்பல் இல்லை, குளிர்விக்கத் தண்ணீரும் வேண்டாம். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த நல்ல விஷயம் எந்த ஓடைக்கரையில், யார் வீட்டுக்கு எவ்வளவு தூரத்தில், யாருக்கு என்ன லாபத்தோடு வருகிறது என்பதில் அங்கே வாழ்பவர்களுக்குச் சொல் இருக்கிறதா என்பதே என் கேள்வி.

சட்டத்தில் நமக்கு எங்கே இடம்?

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2006 செப்டம்பரில் வந்தது. எந்தெந்தத் திட்டங்களுக்கு முன் அனுமதி தேவை என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. அனல்மின் நிலையம், சுரங்கம், 25 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள நீர்மின் திட்டம் எல்லாம் அதில் உண்டு. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்பு உள்ள கட்டிடங்கள்கூட உண்டு. அதாவது ஒரு பெரிய அடுக்ககத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். காற்றாலைத் திட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. 100 மெகாவாட் என்றாலும் இல்லை.

இதன் விளைவு என்ன? பட்டியலில் இருந்தால்தான் ஆய்வறிக்கை வரும், அதன் பேரில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். குவாரிக்கும் அனல்மின் நிலையத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்து, பந்தல் போட்டு, மைக் வைத்து நம்மைப் பேசச் சொல்கிறார்களே, அந்தக் கூட்டம் காற்றாலைக்குக் கிடையாது. 2016-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில்களை நிறம் பிரித்தபோது காற்றாலையை வெள்ளைப் பிரிவில் வைத்தது. மாசு இல்லாத தொழில் என்று பொருள். காற்றைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குக் கனரக லாரி போகும் பாதை, ஓடையைக் கடக்கும் மண்மேடு, வயல் மேல் போகும் மின்கம்பி, இரவில் கேட்கும் இரைச்சல் இதெல்லாம் அந்த நிறத்துக்குள் வரவில்லை.

ஆக, "மக்கள் கருத்தைக் கேட்கும் நாள்" என்று ஒன்று வரும், அன்றைக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. முடிவு சின்னச் சின்ன இடங்களில், துண்டு துண்டாக எடுக்கப்படுகிறது. நிலப் பத்திரத்தில் ஒரு துண்டு, பாதைக்கான சம்மதத்தில் ஒரு துண்டு, உள்ளாட்சியின் அனுமதியில் ஒரு துண்டு, மின்கம்பி போகும் தடத்தில் ஒரு துண்டு. அந்த இடங்களில்தான் நாம் இருக்க வேண்டும்.

தாமதமானால் என்ன ஆகும்?

கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரைப் பாருங்கள். நம்மைப் போலத் தமிழ் பேசும் மக்கள், மீன்பிடியும் விவசாயமும் செய்பவர்கள். அங்கே இலங்கை மின்சார சபையின் 'தம்பபவனி' காற்றாலைப் பண்ணை 30 காற்றாலைகளோடு முதலில் வந்தது. அதற்குப் பிறகு மழைநீர் வடியாமல் ஊருக்குள் நிற்கிறது என்பது மக்கள் சொல்லும் பெரிய குறை. அடுத்து மன்னாரிலும் பூநகரியிலும் சேர்த்து 484 மெகாவாட் அமைக்க அதானி நிறுவனம் வந்தது. பறவைகள் வலசை வரும் வழி என்று சுற்றுச்சூழல் அமைப்புகளும், மன்னார் ஆயரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். புதிய அரசு மின்சார விலையை மறுபரிசீலனை செய்யத் தொடங்கியது. 2025 பிப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. விலைதான் முக்கியக் காரணம் என்றாலும், வழக்குகள் காலத்தை நீட்டியதும் சேர்ந்தே வேலை செய்தது.

ஆனால் அதோடு முடியவில்லை. வேறு நிறுவனங்களின் காற்றாலை வேலைகள் அதே தீவில் நடந்தன. 2025 ஆகஸ்டில் உதிரிபாகங்களை ஏற்றி வந்த வண்டிகளை மக்கள் மறித்தார்கள். அதிபர் ஒரு மாதம் வேலையை நிறுத்தி வைக்கச் சொன்னார். அதன் பிறகு வேலை மீண்டும் தொடங்கியது, போலீஸோடு மோதலும் நடந்தது. இறக்கை ஏற்றிய லாரி ஊருக்குள் வரும்போது நிலம் கைமாறியிருக்கும், பணம் செலவாகியிருக்கும், ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கும். அந்த நிலையில் தெருவில் இறங்கினால் ஒரு மாதம் கிடைக்கலாம். அதற்கு மேல் கிடைப்பது கஷ்டம்.

ஆந்திரத்தில் பழைய அனந்தபூர் மாவட்டத்தில் கல்பவல்லி என்ற இடம் இருக்கிறது. வறண்ட குன்றுகளை ஊர்க்காரர்கள் 1990-களிலிருந்து காவல் காத்துக் காடாக வளர்த்தார்கள். திம்பக்து கலெக்டிவ் என்ற அமைப்பு துணை நின்றது. ஊருக்கு அது மேய்ச்சல், விறகு, ஊற்றுத் தண்ணீர். அரசுப் பதிவேட்டில் மட்டும் அது தரிசு. தரிசு என்பதால் காற்றாலைக்குக் கொடுக்கப்பட்டது. குன்றின் மேல் பாதை வெட்டியதில் நீரோட்டம் குலைந்தது என்று 2013-ல் பசுமைத் தீர்ப்பாயம் போனார்கள். அதற்குள் காற்றாலைகள் நின்றுவிட்டன.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. நம் பக்கமும் மேய்க்கால் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, வண்டிப்பாதை என்று எத்தனையோ இருக்கின்றன. ஊர் அதைப் பயன்படுத்துகிறது, ஆனால் அ-பதிவேட்டிலும் புல வரைபடத்திலும் அது சரியாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பிரச்சினை வந்த பிறகு "காலங்காலமாக இது ஓடைங்க" என்று சொன்னால் எடுபடாது. காகிதத்தில் இருக்க வேண்டும்.

அதிகம் கொடுத்தாலும் சிக்கல்

மக்களுக்கு முழு அதிகாரம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இங்கிலாந்தில் அதையும் செய்து பார்த்தார்கள். 2015 ஜூனில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். உள்ளூர்த் திட்டத்தில் இடம் குறிக்கப்பட்டிருக்க வேண்டும், உள்ளூர் மக்கள் எழுப்பும் ஆட்சேபங்கள் முழுமையாகத் தீர்க்கப்பட்டிருக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் சிலர் எதிர்த்தாலே திட்டம் நின்றுவிடும் என்ற நிலை. நிலத்தில் காற்றாலை அமைப்பது அங்கே ஏறக்குறைய நின்றே போனது. 2024 ஜூலையில் புதிய அரசு வந்த சில நாளிலேயே அந்த விதியை எடுத்தது.

நம் நாட்டில் மக்களைக் கேட்கவே இல்லை. அங்கே சிலருடைய மறுப்பு எல்லாருடைய முடிவாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. டென்மார்க்கில் 2009 முதல் 2020 வரை நடைமுறையில் இருந்த விதிப்படி, காற்றாலை அமைப்பவர் குறைந்தது 20 சதவீதப் பங்கை 4.5 கிலோமீட்டருக்குள் குடியிருப்போருக்கு விலைக்குத் தர முன்வர வேண்டியிருந்தது. வீட்டு மதிப்பு குறைந்தால் நஷ்ட ஈடும் உண்டு. ஸ்காட்லாந்தில் ஒரு மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு 5,000 பவுண்டு ஊர் நிதிக்குத் தர வேண்டும் என்று அரசு வழிகாட்டுகிறது. கட்டாயச் சட்டம் அல்ல, ஆனாலும் பழக்கத்தில் நிற்கிறது. 50 மெகாவாட் பண்ணை என்றால் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் பவுண்டு. "வேண்டாம்" என்று மட்டும் சொல்லும் ஊரைவிட, "இன்ன நிபந்தனையில் வரட்டும்" என்று சொல்லும் ஊருக்கு அதிகம் கிடைத்திருக்கிறது.

மைவாடியில் நிற்கும் உதாரணம்

வெளிநாடு வரை போக வேண்டாம். பழனியிலிருந்து உடுமலைக்கு ரயிலில் போனால் மைவாடி ரோடு ஸ்டேஷன் வரும். அந்த மைவாடியில் ஒரு கிராம ஊராட்சிக்குச் சொந்தமான காற்றாலை நிறுவப்பட்டது. ஊராட்சி இங்கே அல்ல, மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை. 2006-ல், தலைவராக இருந்த ஆர். சண்முகம் முயற்சியில், 350 கிலோவாட் காற்றாலையை 1 கோடியே 55 லட்சம் ரூபாயில் வாங்கினார்கள். ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம், மீதி வங்கிக் கடன். ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் கிடைக்கும், ஊராட்சிக்குத் தேவை சுமார் 4.5 லட்சம் யூனிட், மீதியை மின்வாரியத்துக்கு விற்கலாம் என்பது கணக்கு. தெருவிளக்கும் குடிநீர் மோட்டாரும் தின்ற கரண்ட் பில்லைப் பார்த்துத்தான் அந்த யோசனையே வந்தது.

நம் வட்டாரத்துக் காற்றை ஐம்பது மைலுக்கு அப்பால் இருக்கும் ஓர் ஊராட்சி பயன்படுத்திக்கொண்டது. காற்று வீசும் ஊர்களில் இருக்கும் நாம் நிலத்தை விற்றதோடு சரி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பங்கு கேட்கலாம், பங்கு வாங்கலாம் என்ற எண்ணமே நமக்கு வரவில்லை என்பதைச் சொல்கிறேன்.

இப்போது அந்த எண்ணம் வரவேண்டிய நேரம். பழைய காற்றாலைகள் 225, 250 கிலோவாட், 30 முதல் 50 மீட்டர் உயரத் தூண். அவற்றைக் கழற்றிவிட்டுப் பெரியவை வைக்கவும், புதுப்பிக்கவும், ஆயுளை நீட்டிக்கவும் தமிழ்நாடு அரசு 2024-ல் தனிக் கொள்கை வெளியிட்டது. இன்று வருபவை 2, 3 மெகாவாட், தூண் மட்டும் 120 மீட்டருக்கு மேல். அதே இடம்தான், ஆனால் வேறு அளவு. பாதை அகலம், இரைச்சல், கம்பித்தடம் எல்லாம் புதிதாகப் பேசப்படும். பேச வேண்டியவர்கள் பேச இது நல்ல சந்தர்ப்பம்.

எதைக் கேட்பது, எதை விடுவது?

முதலில் விட வேண்டியது. "காற்றாலை மேகத்தைக் கலைத்துவிடும், மழை பெய்யாது" என்று நம் ஊர்களில் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. பருவமழை கடலிலிருந்து வரும் ஈரத்தில், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் உருவாவது. இறக்கை எட்டும் உயரம் 200 மீட்டர் சொச்சம். மனுவில் இந்த வரியை முதலாவதாக எழுதினால், அடுத்து எழுதியிருக்கும் ஓடை அடைப்பையும் அதிகாரி படிக்க மாட்டார்.

கேட்க வேண்டியது தூரம். மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2016 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், இரைச்சலைக் கருதி வீடுகளிலிருந்து 500 மீட்டர் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறது. சாலை, கட்டிடம், ரயில் பாதை இவற்றிலிருந்து தூண் உயரம், இறக்கை வட்டத்தின் விட்டத்தில் பாதி, அதோடு 5 மீட்டர். 120 மீட்டர் தூண், 140 மீட்டர் விட்டம் என்றால் 120, 70, 5 சேர்த்து 195 மீட்டர். இதை யார் வேண்டுமானாலும் டேப் பிடித்துப் பார்க்கலாம். குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபல் என்பது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதி. இவற்றை மேற்கோள் காட்டி எழுதும் மனுவுக்கு எடை உண்டு.

அடுத்து தண்ணீர். பாதை போடும் இடத்தில் ஓடை, வாய்க்கால், குளத்துக்கு வரும் நீர்வழி எங்கே என்று புல வரைபடத்தில் குறித்து, அங்கே குழாயோ சிறுபாலமோ வைப்பதாக எழுத்தில் வாங்க வேண்டும். மின்கம்பி நம் நிலத்தில் போவதற்கு நாம் மறுத்தால் மாவட்ட ஆட்சியர் விசாரித்து முடிவெடுப்பார். பெரும்பாலும் கம்பி போகும். ஆனால் அந்த விசாரணையில் தடத்தை நகர்த்தவும் இழப்பீட்டுக்கும் வாதாடலாம். நோட்டீஸை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் அதுவும் போகும்.

நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டால், முன்பணம் வாங்கும் முன் ஒப்பந்தத்தை முழுதாகப் படியுங்கள். எத்தனை ஆண்டு? வாடகை எப்போது, எவ்வளவு உயரும்? பாதையும் புதைக்கும் கேபிளும் எந்த சர்வே எண்ணில் போகும்? குத்தகை உரிமையை அவர்கள் அடமானம் வைக்கலாமா, வேறொருவருக்கு மாற்றலாமா? காலம் முடிந்த பிறகு தூணையும் கான்கிரீட் அஸ்திவாரத்தையும் யார் செலவில் அகற்றுவது? கடைசிக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. நம் பேரப்பிள்ளைகள் தலையில் விழப்போவது அதுதான். தரகருக்குப் பவர் எழுதிக் கொடுப்பதைக் கூடியவரை தவிருங்கள்.

எங்கே பேசுவது? கிராம ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்கள் பேசலாம், தீர்மானம் கேட்கலாம். ஊரில் இருக்கும் உங்கள் அண்ணன், பெரியப்பாவை அனுப்புங்கள். நம் பாலசமுத்திரம் பேரூராட்சி என்பதால் இங்கே கிராம சபை இல்லை. நகர உள்ளாட்சிகளுக்கு 2022-ல் கொண்டுவந்த வார்டு குழு, பகுதி சபை விதிகள் இருக்கின்றன, கவுன்சிலரிடம் கேட்டு அந்தக் கூட்டங்களுக்குப் போகலாம். திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். உள்ளாட்சி கொடுத்த தடையின்மைச் சான்றின் நகலையும், அதில் போட்ட நிபந்தனைகளையும் அதில் கேட்கலாம்.

கிராம சபைத் தீர்மானம் ஒன்றே திட்டத்தை நிறுத்திவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது கோப்பில் இருக்கும். நாளைக்கு நீதிமன்றம் போனால் முதலில் பார்ப்பது அந்தக் கோப்பைத்தான். நமக்கு மேலே கொடைக்கானலில் 1990-களில் அனுமதியை மீறி ஏழு மாடி ஓட்டல் எழுந்தபோது, பழனி மலைப் பாதுகாப்புக் குழு என்ற உள்ளூர் அமைப்பு வழக்குப் போட்டது. மீறலுக்கு விலக்கு அளித்த அரசாணையையே உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அவர்கள் கையில் பெரிய பதவி இல்லை. எந்த விதி, எத்தனை மாடி, எந்தத் தேதி என்ற காகிதம் இருந்தது.

சங்கத்துக்கு மூன்று கோரிக்கைகள்

ஒன்று: நம் உறுப்பினர்கள் யாருக்காவது காற்றாலைக்கு நிலம் கேட்டு வந்தால், கையெழுத்துக்கு முன் சங்கத்தில் சொல்லுங்கள். விற்க வேண்டாம் என்று யாரும் தடுக்கப் போவதில்லை. ஒரே வட்டாரத்தில் ஐந்து பேருக்கு ஐந்து விலை சொல்லப்படுகிறதா என்பதாவது தெரியவரும். ஐந்து பேரும் சேர்ந்து கேட்டால் நிபந்தனை கிடைக்கும்.

இரண்டு: நம்மில் பத்திரம் படிக்கத் தெரிந்த வக்கீல், ஓய்வுபெற்ற வருவாய்த்துறை, மின்வாரிய ஊழியர்கள் இருக்கிறார்கள். இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு குழுவாக அமைத்தால், மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

மூன்று: 500 மீட்டர் தூரம், நீர்வழிக்குப் பாலம், அகற்றும் செலவுக்கு வைப்புத்தொகை, உள்ளாட்சிக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை. இந்த நான்கையும் நம் வட்டாரத்துக்கு வரும் எந்தக் காற்றாலைத் திட்டத்துக்கும் கோரிக்கையாக வைத்து, அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு, பேரூராட்சிக்கும் ஆட்சியருக்கும் அனுப்ப வேண்டும். திட்டம் எதுவும் வரும் முன்பே இது அவர்கள் கோப்பில் இருக்கட்டும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். தீர்மான வாசகத்தை எழுதி செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். திருத்தம் சொல்ல விரும்புபவர்கள் பொதுக்குழுவுக்கு ஒரு வாரம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.